வீட்டில் உடற்பயிற்சிக் கருவி: முதலில் மின் இணைப்பு, பிறகு கருவி

இதயச் சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்கும், பக்கவாதத்திலிருந்து தேறி வருகிறவர்களுக்கும், நீரிழிவைக் கட்டுக்குள் வைக்க முயல்கிறவர்களுக்கும் மருத்துவர் தரும் அறிவுரைகளில் நடைப்பயிற்சி பெரும்பாலும் இடம்பெறுகிறது. கொளுத்தும் வெயில், திடீர் மழை, மேடுபள்ளமான தெரு, விரையும் வாகனங்கள் ஆகியவற்றை எண்ணிப் பார்க்கும் குடும்பத்தார், வீட்டிலேயே ஒரு ட்ரெட்மில் வாங்கி வைத்துவிடலாம் என்று முடிவு செய்கின்றனர். அந்த முடிவுக்குப் பின்னால் இருப்பது நோயாளியின் மீதுள்ள அக்கறை.

ஆனால் கருவி வந்து இறங்கிய பிறகுதான், அதை எந்தச் சாக்கெட்டில் செருகுவது என்ற கேள்வி பல வீடுகளில் எழுகிறது. அருகில் இருப்பது சிறிய சாக்கெட். கருவியின் பிளக்கோ பெரியது. கடையில் ஒரு மாற்றுப் பிளக் கிடைக்கிறது; அல்லது அடுத்த அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று தரையோடு இழுத்து வரப்படுகிறது. கருவி ஓடுகிறது, எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றுகிறது. சுவருக்குள் சூடேறும் கம்பியும், வேலை செய்யாத எர்த்தும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவருக்குச் சிறு தொல்லையாக முடியக்கூடிய மின்கோளாறு, நோயிலிருந்து தேறி வருபவருக்குப் பெருந்துன்பமாக மாறக்கூடும். நீரிழிவினால் நரம்பு பாதிக்கப்பட்டவருக்குக் கைகால்களில் உணர்ச்சி குறைந்திருக்கும். கருவியைத் தொடும்போது உண்டாகும் மெல்லிய விறுவிறுப்பை, அதாவது மின்கசிவின் முதல் எச்சரிக்கையை, அவர் உணராமலே போகலாம். பக்கவாதத்தால் ஒரு கால் வலுவிழந்தவர், கருவி திடீரென நின்றால் உடனே சமாளித்து நிற்க இயலாது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர் கீழே விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே சிறு வீக்கமாகத் தெரிவது உள்ளே இரத்தக்கசிவாக இருக்கக்கூடும். ஆகவே மின் இணைப்பைத் திட்டமிடுவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே எனக் கொள்ள வேண்டும்.

மின்கருவி தேவைதானா?

எந்தப் பயிற்சி, எவ்வளவு நேரம், எந்த வேகத்தில் என்பதை மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் முடிவு செய்ய வேண்டும். அவர்கள் சொல்லும் பயிற்சிக்கு மின்சாரமே தேவைப்படாமலும் போகலாம். காந்தத் தடையில் இயங்கும் நிலைமிதிவண்டிகள் பலவற்றுக்கு வீட்டு மின்சாரம் வேண்டியதில்லை. எண்காட்டும் திரைக்குச் சிறு பேட்டரி போதும். ரப்பர் பட்டைகள், சிறு எடைகள், நாற்காலியில் அமர்ந்து எழும் பயிற்சி, கூடத்தின் நீளத்துக்கு நடப்பது ஆகியவற்றுக்கும் மின்சாரம் தேவையில்லை. மின்வெட்டு அடிக்கடி நேரும் ஊர்களிலும், எர்த் வசதியில்லாத பழைய வாடகை வீடுகளிலும் வசிப்போர் இவற்றையே முதலில் எண்ணிப் பார்ப்பது நல்லது.

ட்ரெட்மில்தான் வேண்டும் என்று முடிவானால், கடைக்குச் செல்வதற்கு முன் வீட்டின் மின் இணைப்பைச் சோதிக்க வேண்டும்.

எவ்வளவு மின்சாரம் தேவைப்படும்?

நம் வீடுகளுக்கு ஒரு முனையில் வரும் மின்னழுத்தம் 230 வோல்ட். ஒரு கருவி எத்தனை வாட் எடுக்கிறதோ, அதை 230 ஆல் வகுத்தால் எத்தனை ஆம்பியர் மின்னோட்டம் தேவை என்பது ஏறத்தாழத் தெரியும்.

ட்ரெட்மில்லின் மோட்டாரைக் குதிரைத்திறனில் குறிப்பிடுவது வழக்கம். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். 2 குதிரைத்திறன் என்றால் சுமார் 1,500 வாட். அதற்கு ஏறத்தாழ ஆறரை ஆம்பியர் தேவை. இது மோட்டார் வெளிப்படுத்தும் ஆற்றல் மட்டுமே. கருவி சுவரிலிருந்து எடுத்துக்கொள்ளும் மின்சாரம் இதைவிடக் கூடுதலாக இருக்கும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் குதிரைத்திறன், மோட்டார் ஓரிரு நொடிகள் மட்டும் தரக்கூடிய உச்ச அளவாகவும் இருக்கலாம். எனவே கருவியின் அடிப்பகுதியிலோ கையேட்டிலோ அச்சிட்டிருக்கும் வாட், ஆம்பியர் அளவுகளையே கணக்கில் கொள்ள வேண்டும். வாங்குவதற்கு முன்பே அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டு வீடுகளில் இரண்டு வகைச் சாக்கெட்டுகள் உள்ளன. சிறியது 6 ஆம்பியர். அதிலிருந்து அதிகபட்சம் 1,380 வாட் எடுக்கலாம். பெரியது 16 ஆம்பியர். அதன் எல்லை 3,680 வாட். மின்விசிறி, தொலைக்காட்சி, கைப்பேசி போன்றவற்றுக்குச் சிறிய சாக்கெட் போதும். ட்ரெட்மில்லுக்கு அது ஒருபோதும் உகந்ததன்று. பெரிய பிளக்கைச் சிறிய சாக்கெட்டில் பொருத்த உதவும் மாற்றுப் பிளக், துளையின் அளவை மட்டுமே மாற்றுகிறது. சுவருக்குள் இருக்கும் மெல்லிய கம்பி மெல்லியதாகவே இருக்கிறது.

சுவருக்குள் இருக்கும் கம்பி

மின்னோட்டம் பாயும் எந்தக் கம்பியும் சூடேறும். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். கம்பி மெல்லியதாக இருந்தாலும், இணைப்புத் திருகு தளர்ந்திருந்தாலும் அந்த இடத்தில் சூடு மிகும். மேலுறை மெல்ல இளகிக் கருகி, ஒருநாள் தீப்பொறி பறக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களைத் தவிர்க்கச் சொல்வதற்கும் இதுவே காரணம். அவற்றில் பல, மெல்லிய கம்பி கொண்டவை. கம்பியைச் சுருட்டி வைத்தாலும், மேலே தரைவிரிப்பைப் போட்டு மூடினாலும் சூடு வெளியேற வழியின்றித் தேங்கிவிடும். தரையில் கிடக்கும் கம்பி காலைத் தடுக்கும் என்பது வேறொரு இடர். தள்ளாடி நடப்பவருக்கு அதுவே பெரிய இடராகும்.

பொதுவாக விளக்கு, மின்விசிறிகளுக்கு 1 அல்லது 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும், 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியும் பயன்படுத்தப்படுகின்றன. மின்பலகையிலிருந்து கருவி வைக்கும் இடம் வெகுதொலைவில் இருந்தால் 4 சதுர மில்லிமீட்டர் கம்பி நல்லது. எது தேவை என்பதை மின்பணியாளர் தொலைவையும் பளுவையும் பார்த்து முடிவு செய்வார்.

இவ்வளவு கவனமாகக் கம்பி இழுத்தாலும், அதே சுற்றில் வேறு பெரிய கருவிகள் இருந்தால் பயனில்லை. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரே 16 ஆம்பியர் சுற்றில் ட்ரெட்மில்லும் (6.5 ஆம்பியர்) 2,000 வாட் வெந்நீர்க் கொதிகலனும் (8.7 ஆம்பியர்) இருக்கின்றன. காலையில் தந்தையார் நடந்துகொண்டிருக்கும் வேளையில் மற்றொருவர் குளிப்பதற்காகக் கொதிகலனைப் போடுகிறார். மொத்தம் 15.2 ஆம்பியர், சுற்று அதன் எல்லையைத் தொட்டு நிற்கிறது. அதே நேரத்தில் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியையும் போட்டால் 19.5 ஆம்பியராகிவிடும். கம்பி சூடேறிக்கொண்டிருக்கும், அல்லது ஓட்டம் துண்டிக்கப்பட்டு, நடந்துகொண்டிருப்பவரின் காலடியில் பட்டை சட்டென நின்றுவிடும். இரண்டுமே நாம் விரும்பாதவை.

எனவே ட்ரெட்மில்லுக்கு மின்பலகையிலிருந்து நேரே வரும் தனிச் சுற்று ஒன்று இருக்க வேண்டும். அதில் வேறெந்தச் சாக்கெட்டும் இணைந்திருக்கக் கூடாது. அறையில் ஏ.சி. இருந்தால் அதற்கும் வேறொரு சுற்று வேண்டும். புதிய கருவியையும் சேர்த்து வீட்டின் மொத்தப் பளு, மின்வாரியம் உங்கள் இணைப்புக்கு அனுமதித்த மின்பளுவை மீறுமானால், கூடுதல் பளுவுக்கு விண்ணப்பிப்பதே முறை.

எர்த்: வீட்டின் மறைந்த காவலன்

மூன்று முனைப் பிளக்கில் மேலே இருக்கும் முனை மற்ற இரண்டையும்விடத் தடித்தும் நீண்டும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் எர்த் முனை. பிளக்கைச் செருகும்போது அது முதலில் இணைய வேண்டும். பிடுங்கும்போது இறுதியில் விலக வேண்டும் என்பதற்காகவே அது நீளமாக அமைக்கப்பட்டிருக்கிறது. கருவிக்குள் ஏதேனும் ஒரு கம்பி உராய்ந்து உலோகச் சட்டத்தைத் தொட்டுவிட்டால், மின்சாரம் மனித உடலைத் தேடாமல் எர்த் கம்பி வழியாகப் போக வேண்டும். அந்தப் பெரும் ஓட்டத்தால் பாதுகாப்புச் சாதனம் உடனே இணைப்பைத் துண்டிக்க வேண்டும்.

இது நடப்பதற்கு எர்த் உண்மையிலேயே இருக்க வேண்டும். பல பழைய வீடுகளில் சாக்கெட்டில் மூன்று துளைகள் இருக்கும். மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. சில இடங்களில் எர்த் துளையை நியூட்ரலுடன் சாக்கெட்டுக்குள்ளேயே இணைத்து வைத்திருப்பார்கள். இது மிகவும் ஆபத்தானது. எங்கேனும் நியூட்ரல் கம்பி அறுந்துவிட்டால், கருவியின் உலோகப் பாகம் முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும். எர்த் குழி இருக்கும் வீடுகளிலும் கோடையில் மண் காய்ந்துவிட்டால் அதன் திறன் குறையும். அக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊற்றி வரும் பழைய வழக்கத்துக்குப் பொருள் உண்டு. எர்த் வேலை செய்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மின்பணியாளர் உரிய கருவியால் அளந்து எண்ணாகச் சொல்ல வேண்டும்.

ட்ரெட்மில்லில் நடக்கும்போது பட்டையின் உராய்வினால் நிலைமின்சாரம் சேர்வதுண்டு. கைப்பிடியைத் தொட்டவுடன் ஒரே ஒரு முறை ‘சுரீர்’ என்று பட்டு நின்றுவிட்டால் அது பெரும்பாலும் நிலைமின்சாரமாக இருக்கும். தொட்டிருக்கும் நேரமெல்லாம் விறுவிறுவென்று உணர்ந்தால் அது மின்கசிவாக இருக்கக்கூடும். அப்போது கருவியை நிறுத்திச் சுவரிலுள்ள சுவிட்சை அணைத்து, பிளக்கை எடுத்துவிட்டு, மின்பணியாளர் பார்க்கும் வரை பயன்படுத்தாமல் இருங்கள். நரம்புணர்ச்சி குறைந்தவர் வீட்டில் இருந்தால், அவர் சொல்வதை மட்டும் நம்பியிராமல், “கைப்பிடியில் ஏதேனும் தெரிகிறதா?” என்று மற்றவர்களையும் கேட்டுக்கொள்வது நல்லது.

எம்.சி.பி. கம்பியைக் காக்கும், ஆர்.சி.சி.பி. உயிரைக் காக்கும்

மின்பலகையில் எம்.சி.பி. இருக்கிறது, ஆகவே அச்சமில்லை என்று பலர் எண்ணுகின்றனர். எம்.சி.பி. காப்பது கம்பியை. அளவுக்கு மீறிய ஓட்டமோ குறுக்கிணைப்போ நேர்ந்தால் அது துண்டிக்கும். ஓட்டம் சற்றே மிகுந்தால் உடனே துண்டிக்காது. 16 ஆம்பியர் எம்.சி.பி. 19 ஆம்பியரை வெகுநேரம் பொறுத்துக்கொள்ளக்கூடும். மனித உயிருக்கு ஊறு செய்யும் மின்னோட்டமோ ஆம்பியரில் ஆயிரத்தில் சில பங்குகளே.

சுமார் 1 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் விறுவிறுப்பாக உணர்வோம். 10 மில்லி ஆம்பியரை ஒட்டித் தசைகள் இறுகி, பிடித்த கையை விடுவிக்க முடியாமல் போகும். அதற்கும் மேலே செல்லச் செல்ல மூச்சுத்தசைகள் பாதிக்கப்பட்டு, இதயம் தாறுமாறாகத் துடிக்கும் நிலை ஏற்படும். வியர்வையில் நனைந்த தோலில் உடலின் தடை 1,000 ஓம் அளவுக்குக் குறையலாம். 230 வோல்ட்டை அதனால் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். உயிரைப் பறிக்கப் போதுமானது. உடற்பயிற்சி செய்பவரின் கை எப்போதும் வியர்த்திருக்கும். வீட்டில் பலர் வெறுங்காலுடன் பயிற்சி செய்கின்றனர். இவ்விரண்டும் சேர்ந்த இடத்தில் 16 ஆம்பியர் எம்.சி.பி.யால் எந்தப் பயனும் இல்லை.

இந்த இடத்தில் காப்பது ஆர்.சி.சி.பி. எனப்படும் மின்கசிவுத் துண்டிப்பான். போகும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று அது இடையறாது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வேறுபாடு தோன்றினால், ஓட்டம் எங்கோ கசிகிறது என்று பொருள். கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். வீடுகளில் மனிதரைக் காக்க வேண்டியது 30 மில்லி ஆம்பியர் வகை. 100, 300 மில்லி ஆம்பியர் வகைகள் தீயைத் தடுக்க உதவலாம்; உயிர்க்காப்புக்கு அவை போதா. உங்கள் வீட்டு மின்பலகையில் ‘30 எம்.ஏ.’ என்ற அளவு பொறிக்கப்பட்ட, சோதனைப் பொத்தான் கொண்ட சாதனம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ட்ரெட்மில்லின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது மின்னணுச் சுற்று என்பதால், புதிதாக வாங்கும்போது ‘ஏ’ வகை ஆர்.சி.சி.பி.யைக் கேட்டு வாங்குவது சிறந்தது. அந்தச் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியதும் மின்சாரம் நின்றால்தான் சாதனம் வேலை செய்கிறது என்று பொருள். அப்போது ட்ரெட்மில்லில் ஒருவரும் இருக்கக் கூடாது. ஆக்சிஜன் செறிவூட்டி போன்ற உயிர்காக்கும் கருவி ஓடிக்கொண்டிருக்கும் வேளையிலும் சோதிக்கக் கூடாது.

ஆர்.சி.சி.பி. அடிக்கடி துண்டிக்கிறது என்பதற்காக அதை நீக்கி நேரிணைப்புக் கொடுத்துவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. காய்ச்சல் இருப்பதைக் காட்டும் வெப்பமானியை உடைத்தெறிவதற்கு அது ஒப்பாகும். காரணத்தைக் கண்டறிந்து களைவதே வழி.

மின்வெட்டும் இன்வெர்ட்டரும்

நடந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் பட்டை நின்றுவிடும். உடலோ முன்னே செல்ல முனையும். வேகம் குறைவாக இருந்தால் தடுமாற்றமும் குறைவாக இருக்கும். மருத்துவர் சொன்ன வேகத்தை மீறாதிருக்க இதுவும் ஒரு காரணம். கைப்பிடி இருபுறமும் நீண்டிருக்கும் கருவியையே நோயாளிகளுக்குத் தேர்ந்தெடுங்கள். அவசர நிறுத்தச் சாவியின் கயிற்றை இடுப்பு ஆடையில் மாட்டிய பிறகே பயிற்சியைத் தொடங்க வேண்டும். மின்சாரம் நின்றதும் பக்கவாட்டு மேடைகளில் கால்வைத்து இறங்கி, சாவியை எடுத்துவிடப் பழக்குங்கள். மின்சாரம் திரும்பியதும் கருவி தானாக ஓடத் தொடங்காது என்பதை வாங்கும் இடத்திலேயே இயக்கிக் காட்டச் சொல்லி உறுதி செய்யுங்கள்.

வீட்டு இன்வெர்ட்டருடன் ட்ரெட்மில்லை இணைக்க வேண்டாம். சில விளக்குகளையும் மின்விசிறிகளையும் தாங்குவதற்கென அமைந்த சாதாரண இன்வெர்ட்டர், மோட்டார் தொடங்கும்போது எழும் பளுவைத் தாங்காது. அறையின் விளக்கை இன்வெர்ட்டரில் வைத்திருங்கள். இருளில் இறங்கும் நிலை வராது. மற்றொன்றும் நினைவில் இருக்கட்டும்: முதன்மை சுவிட்சை அணைத்தாலும் இன்வெர்ட்டர் இணைப்பில் உள்ள கம்பிகளில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். பழுதுபார்க்கும்போது இரண்டையும் அணைக்க வேண்டும்.

எங்கே வைப்பது?

மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட அறை, பால்கனி, வாகனம் நிறுத்துமிடம் ஆகியவை இடவசதிக்காகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் அங்கே சாரல் அடிக்கும், சுவர் ஓதமேறும், சாக்கெட்டுக்குள் ஈரம் புகும். மேலும், நோயாளி தனியாக மாடியில் இருந்தால் அவருக்கு நேர்வது கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. எனவே வீட்டுக்குள், பிறர் கண்ணில் படும் இடத்தில், குளியலறையிலிருந்தும் தண்ணீர்க் குழாயிலிருந்தும் தள்ளியே கருவி இருக்க வேண்டும். சாக்கெட் கருவியின் கம்பி எட்டும் தொலைவில், சுவிட்சுடன், எளிதில் கைக்கு எட்டுவதாக அமைய வேண்டும். பின்புறம் விழுந்தால் சுவரில் மோதாதபடி ஏறத்தாழ 2 மீட்டர் இடம் விட்டு வையுங்கள். தண்ணீர்ப் புட்டியைத் திரையின்மேல் வைக்காமல் அருகில் ஒரு முக்காலியில் வையுங்கள். ரப்பர் அடிப்பகுதி கொண்ட காலணி அணியுங்கள். பயிற்சி முடிந்ததும் சாவியைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, சுவர் சுவிட்சை அணைத்துவிடுங்கள். இடி மின்னலின்போது பிளக்கையும் எடுத்துவிட வேண்டும்.

இவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை

பேஸ்மேக்கர் அல்லது ஐ.சி.டி. பொருத்தப்பட்டவர்களுக்குப் பழுதில்லாத வீட்டு மின்சாதனங்கள் பொதுவாக இடையூறு செய்வதில்லை. ஆனால் கசியும் மின்னோட்டம் உடலில் பாயுமானால், ஐ.சி.டி. அதை இதயத்தின் தாறுமாறான துடிப்பு என்று தவறாகக் கொண்டு, தேவையின்றி அதிர்வு கொடுக்கக்கூடும். இவர்களுடைய வீட்டில் எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் மின்கருவி வாங்கவே வேண்டாம். ட்ரெட்மில்லின் அவசரச் சாவிகள் பலவற்றில் காந்தம் இருக்கும். அதைச் சட்டைப் பையில் போடாமலும் கழுத்தில் தொங்கவிடாமலும், மார்பிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளியே வைத்திருக்க வேண்டும். உடற்கொழுப்பைக் காட்டும் எடைக்கருவிகளும் தசையைத் தூண்டும் கருவிகளும் உடல் வழியாக மின்னோட்டத்தைச் செலுத்துபவை. மருத்துவரைக் கேளாமல் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது.

வீட்டில் ஆக்சிஜன் செறிவூட்டி பயன்படுத்துபவர்கள் அதை ட்ரெட்மில்லின் சுற்றில் செருகக் கூடாது. 5 லிட்டர் செறிவூட்டி ஏறத்தாழ 300 முதல் 400 வாட் மட்டுமே எடுக்கும் என்றாலும், ட்ரெட்மில்லின் கோளாறால் அதுவும் நின்றுவிடும் நிலை வரக் கூடாது. மின்பலகையில் இரண்டுக்கும் தனித்தனி ஆர்.சி.சி.பி. இருப்பது சிறப்பு. ஆக்சிஜன் மிகுந்த இடத்தில் சிறு பொறியும் விரைந்து தீயாகும். தளர்ந்த சாக்கெட் அருகே செறிவூட்டியை வைக்க வேண்டாம். மாற்று உருளை எப்போதும் தயாராக இருக்கட்டும்.

மின்பணியாளரிடம் கேட்க வேண்டியவை

உரிய தகுதிச் சான்று பெற்ற மின்பணியாளரையே அழையுங்கள். பின்வரும் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

1. கருவி வைக்கும் இடத்துக்கு மின்பலகையிலிருந்து தனிச் சுற்று இழுக்க முடியுமா? கம்பியின் அளவு என்ன?
2. சாக்கெட் 16 ஆம்பியர் வகையா? ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா?
3. எர்த்தின் அளவீடு எவ்வளவு? அளந்து காட்ட முடியுமா?
4. நியூட்ரலும் எர்த்தும் சாக்கெட்டுக்குள் இணைந்திருக்கின்றனவா?
5. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உள்ளதா? எந்த வகை?
6. மோட்டாருக்கு ஏற்ற ‘சி’ வகை எம்.சி.பி. பொருத்தப்படுமா?
7. மொத்தப் பளு அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருக்கிறதா?

வாடகை வீட்டில் இருப்போர் இந்தத் தாளை வீட்டு உரிமையாளரிடமும் காட்டலாம். எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் அவருடைய வீட்டுக்கும் பாதுகாப்பு என்பதால் பெரும்பாலோர் மறுக்க மாட்டார்கள். மறுத்தால், மின்சாரம் தேவைப்படாத பயிற்சிகளைப் பற்றி இயன்முறை மருத்துவரிடம் பேசுங்கள். அதனால் பயிற்சியின் பயன் குறைந்துவிடாது.

இணைப்புக் கொடுத்த பிறகு, முதல் சில நாள்களில் பயிற்சி முடிந்ததும் சுவிட்சை அணைத்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு. கை வைக்க இயலாத சூடு, கருகிய நாற்றம், பழுப்பேறிய சாக்கெட், நடக்கையில் அறையின் விளக்கு மங்குதல் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் பயன்பாட்டை நிறுத்துங்கள். கையேட்டில் சொல்லியபடி பட்டையின் அடியில் உரிய எண்ணெய் இட்டு வாருங்கள். எண்ணெய் காய்ந்தால் உராய்வு மிகும், மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும்.

விபத்து நேர்ந்தால்

ஒருவர் மின்சாரத்தில் சிக்கியிருந்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் முதன்மை சுவிட்சை அணையுங்கள். அது இயலாவிட்டால், காய்ந்த பலகையின்மேல் நின்றுகொண்டு, காய்ந்த மரக்கோலால் அவரை விலக்குங்கள். உடனே 108 ஐ அழையுங்கள். அவர் நினைவிழந்து, மூச்சு இயல்பாக இல்லாவிட்டால், மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்த வேண்டாம். எழுந்து உட்கார்ந்து நன்றாகப் பேசினாலும், இதய நோயாளிகள் மருத்துவமனைக்கு வந்து இ.சி.ஜி. எடுத்துக்கொள்ள வேண்டும்.

கருவியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்து, அனைவரையும் வெளியேற்றி, 101 ஐ அழையுங்கள். இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவர் விழுந்து தலையில் அடிபட்டால், காயம் தெரியாவிட்டாலும் காத்திராமல் வந்துவிடுங்கள்.

வயரிங்கைச் சீர்படுத்த ஆகும் செலவு, கருவியின் விலையோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் சிறியதே. கருவிக்கென ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை இதற்கு முதலில் எடுத்து வைத்துவிட்டு, எஞ்சியதற்கு ஏற்ற கருவியைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த மருத்துவப் பரிசோதனைக்கு வரும்போது, வாங்க எண்ணியுள்ள கருவியின் விவரத்தையும் மின்பணியாளர் எழுதித் தந்த தாளையும் உடன் கொண்டு வாருங்கள். எந்த வேகத்தில், எவ்வளவு நேரம், யார் உடனிருக்க நடக்கலாம் என்பதை இயன்முறை மருத்துவர் உங்களோடு அமர்ந்து வகுத்துத் தருவார்.